இரண்டு மஞ்சப்பை, ஒரு பலகை: மதுரைக் குடும்பம் ஒன்றின் மூட்போர்டு அனுபவம்

பின்னணி

வீடுகளுக்கு உள்வேலை திட்டமிட்டுச் செய்து தருவது என் தொழில். 2023 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவர் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறார். மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். அப்போது நான்காம் வகுப்பு படித்த மகளும், 71 வயதான மாமியாரும் உடன் இருந்தார்கள். மூட்போர்டு என்ற மாதிரிப் பலகையை வைத்து அவர்கள் வீட்டைத் திட்டமிட்ட கதை இது. அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் வீட்டு முகவரியையும் விட்டுவிட்டேன்.

வாங்கியிருந்தது 1,180 சதுர அடி அடுக்குமாடி வீடு. தரையில் கட்டுநர் போட்ட வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் இருந்தது. ஹாலுக்கு மேற்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய ஜன்னல். உள்வேலைக்கு ஒதுக்கியிருந்தது 9 லட்சம் ரூபாய்.

எனக்கு முன்பே வேறொருவரிடம் கணினியில் வரைந்த முப்பரிமாணப் படங்கள் வாங்கியிருந்தார்கள். வேலை அதற்கு மேல் நகரவில்லை. காரணம் கேட்டபோது மனைவி சொன்னார்: “படம் அழகாத்தான் இருக்கு மேடம். ஆனா வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் ஊருக்குப் போயிட்ட மாதிரி இருக்கு.”

அதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. கணவருக்குச் சாம்பல் நிறம் வேண்டும், மனைவிக்கு அரக்கு வேண்டும். இதைப் பற்றி நான்கு மாதமாகப் பேசி, பேசி, கடைசியில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். “கலர் விஷயத்துல எங்களுக்கு ஒத்தே வராது” என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

முதல் சந்திப்பில் கவனித்தவை

இரண்டு ஃபோன்களிலும் சேர்த்து 214 படங்கள் சேமித்து வைத்திருந்தார்கள். பார்க்கும்போதே 20 படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒரு படத்துக்கு இரண்டு நொடிதான். கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் பிடித்தது என்று கேட்டால் “நீட்டா இருக்கு”, “ரிச்சா இருக்கு” என்ற இரண்டு பதில்கள்தான் மாறி மாறி வந்தன. எந்த வீட்டுக்கும் சொல்லக்கூடிய பதில்கள் அவை. 20-ஐ 10 ஆக்கச் சொன்னபோது இருவராலும் எதையும் நீக்க முடியவில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால்தானே நீக்க முடியும்.

அன்று நடந்த ஒரு சின்ன விஷயம்தான் எனக்கு வழி காட்டியது. கணவர் பட்ஜெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மனைவியின் கை தானாகவே என் அலுவலக நாற்காலியின் துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தது. கணவரின் பேச்சுக்கு நடுவிலேயே, “இது மிக்ஸ் துணி, சுத்தமான காட்டன் இல்ல” என்றார். சரியாகச் சொன்னார். அதுவரை எதையும் முடிவு செய்ய முடியாமல் திணறிய அதே ஆள், கை பட்டதும் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முதல் முடிவு: ஃபோனை ஓரம் வைப்பது

மூட்போர்டு என்பது விளம்பரம், ஃபேஷன், உள்ளலங்காரம் போன்ற துறைகளில் பல காலமாக இருக்கும் பழக்கம். படம், துணித் துண்டு, பெயின்ட் அட்டை, மரச்சீவல் என்று கிடைப்பதையெல்லாம் ஒரு பலகையில் வைத்து, செய்யப்போகும் வேலையின் மனநிலையைக் கண்முன் கொண்டுவருவது. இப்போது பெரும்பாலும் கணினியிலேயே செய்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். இந்தக் குடும்பத்துக்கு அது உதவாது என்று தோன்றியது. அவர்களிடம் படத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுத்தேன். மூன்று வாரம் அவகாசம். ஒருவர் பையை மற்றவர் பார்க்கக் கூடாது. உள்ளே போடுவது கையால் தொடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். கடைக் கேட்லாக்கிலிருந்தோ பழைய பத்திரிகையிலிருந்தோ வெட்டிய படம் என்றால் ஐந்துக்கு மேல் வேண்டாம். சிறுவயதில் வாழ்ந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று கட்டாயம். அறவே பிடிக்காத பொருள் ஒன்றும் கட்டாயம். பிடிக்காததைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பிடித்ததைச் சொல்லும்போது நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதும் கூடவே வந்துவிடும். பிடிக்காததை எடுக்கும்போது யாரும் அப்படி யோசிப்பதில்லை.

மாமியாருக்கு நான் பை கொடுக்கவில்லை. முதல் சந்திப்புக்கு அவர் வந்திருக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

பைகளில் வந்தவை

கணவருடைய பையில் 13 பொருள்கள். ஐந்து கேட்லாக் படங்கள், எல்லாமே சாம்பல் நிற அலமாரிகள். அவற்றுக்குக் கீழே தாத்தா வீட்டு அடுப்படியிலிருந்து உடைந்த கடப்பாக்கல் சில்லு, அப்பா பயன்படுத்திய தேக்கு அடிக்கோல், திண்டுக்கல் பூட்டு ஒன்றின் பித்தளைச் சாவி, பள்ளி நோட்டுக்குப் போடும் காக்கி அட்டை, துவைத்துத் துவைத்து மெலிந்த கதர்த் துண்டு, பனையோலை விசிறி, பழைய சைக்கிள் சீட்டின் தோல். பிடிக்காத பொருளாக, பூப்படம் அச்சிட்டுப் பளபளக்கும் ஒரு சுவர் டைல் துண்டு.

மனைவியின் பையில் 18. அவரும் ஐந்து படங்கள் வைத்திருந்தார். மற்றவை: அம்மாவின் அரக்குச் சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு சாண் துணி, பிறந்த வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த சிவப்புச் சிமெண்டுத் தரையின் துண்டு, ஒரு ஆத்தங்குடிக் கல், காடா துணி, மரப் பொத்தான்கள், பனையோலைக் கொட்டான், கருத்துப்போன ஒரு வெண்கல மணி, நூல்கண்டுகள் மூன்று, மண் அகல், எவர்சில்வர் டம்ளர். பிடிக்காதது பிளாஸ்டிக் ரோஜா.

சுங்குடியை அவர் வெட்டிக் கொண்டுவந்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. அவரிடம் கேட்டேன். “முந்தியில கிழிஞ்ச பக்கம்தான் மேடம். நல்ல பாகத்தை நான் வெட்டுவேனா” என்றார். மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவதால் வருபவை. கையால் கட்டிய முடிச்சு என்பதால் எந்தப் புள்ளியும் அடுத்த புள்ளியைப் போல இருக்காது. அந்த ஒரு சாண் துணியில் அது நன்றாகத் தெரிந்தது.

பலகையில் வைத்த நாள்

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் உட்கார்ந்தோம். 4 அடிக்கு 3 அடி சன்போர்டு (இலேசான நுரைப் பலகை) ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அதன் வெள்ளை கண்ணைக் கூசும், மேலே வைக்கும் எந்த நிறத்தையும் அழுத்தமாகக் காட்டும். அதனால் காடா துணியை இழுத்துக் கட்டியிருந்தேன். பசை கிடையாது, குண்டூசி மட்டும். ஒட்டிவிட்டால் மனசு அதோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நகர்த்த மாட்டார்கள். கல்லும் ஓடும் ஒரு தாம்பாளத்தில், தரையில். தரைக்கு வரப்போகிற பொருளைத் தரையில் வைத்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழும்.

முதல் 40 நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இருவரும் மாறி மாறி வைத்தார்கள். எதிர்பார்த்ததுதான் நடந்தது. இடப்பக்கம் சாம்பல், வலப்பக்கம் அரக்கு, நடுவே ஓர் எல்லைக்கோடு. நானும் நிறத்தை வைத்தே ஒழுங்குபடுத்த முயன்றேன். நடுவில் ஒரு பழுப்பு, ஒரு மஞ்சள் என்று வைத்துப் பாலம் கட்டப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அப்போது கணவர் ஒன்றைக் கவனித்தார். நான் கொண்டுபோயிருந்த சாம்பல் லேமினேட் (அலமாரிப் பலகையின் மேல் ஒட்டும் தகடு) துண்டைச் சுங்குடிக்குப் பக்கத்தில் வைத்தால் அது லேசாகப் பச்சை தட்டியது. தள்ளி வைத்தால் மறுபடியும் வெறும் சாம்பல். “இது என் கண்ணா, கலரா?” என்று கேட்டார். கண்தான். பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற வேதியியலாளர் இதை ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்திருக்கும் நிறத்தில் இருக்கிறது என்று அவர் கண்டார். சிவப்பின் அருகே வைத்த சாம்பலுக்கு நம் கண் சிவப்பின் எதிர்நிறத்தைப் பூசிவிடுகிறது. இதைச் சொன்னதும் இயற்பியல் ஆசிரியர் உற்சாகமாகிவிட்டார். அரை மணி நேரம் அந்தச் சாம்பல் துண்டை ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். நான்கு மாதமாகப் பிடிவாதமாகக் கேட்ட நிறம் தனியாக ஒன்றுமே இல்லை, பக்கத்தில் இருப்பதைப் பொறுத்தது என்று அவராகவே கையால் கண்டுபிடித்தார். நான் வாயால் சொல்லியிருந்தால் அது வாதமாகத்தான் முடிந்திருக்கும்.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தது மகள். இவ்வளவு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள், கண்ணை மூடிக்கொண்டு பொருள்களைத் தடவிச் சொல்லும் விளையாட்டு ஒன்றை ஆரம்பித்தாள். “இது சொரசொர. இது வழுவழு. இதுவும் சொரசொர.” தடவிய பிறகு இரண்டு குவியலாக வைத்தாள். தடுக்கப்போன அம்மாவை நான் நிறுத்தினேன்.

31 பொருள்களில் 18 சொரசொரப்புக் குவியலில், 13 வழுவழுப்பில். வழுவழுப்பில் இருந்தவற்றுள் 10 கேட்லாக் படங்கள். மற்ற மூன்று: டம்ளர், பிடிக்காது என்று கொண்டுவந்த டைல், பிடிக்காது என்று கொண்டுவந்த பிளாஸ்டிக் ரோஜா.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. டம்ளரைத் தவிர, இருவரும் தத்தம் வாழ்க்கையிலிருந்து எடுத்த அத்தனை பொருளும், கடப்பாவும் சுங்குடியும் தோலும் சிவப்புத் தரையும், ஒரே குவியலில் கிடந்தன. பளபளப்பில்லாத, கைபட்டுத் தேய்ந்த, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத மேற்பரப்புகள். இருவரும் வெறுத்தது ஒரே விஷயத்தை: பளபளப்பை. ஆனால் ஃபோனில் சேமித்த படங்களில் பெரும்பாலானவை கண்ணாடி போல மின்னும் அலமாரிகள்.

இது எப்படி நடந்தது என்று நான் நிறைய யோசித்தேன். ஃபோன் திரை ஒரு கண்ணாடி. அதற்குள் கதரும் மின்னுகிறது, கடப்பாவும் மின்னுகிறது. படத்தில் நிறத்தை மட்டும்தான் பிரித்துப் பார்க்க முடியும். அதனால் அவர்களுடைய சண்டையும் நிறத்தைப் பற்றியதாகவே ஆகிவிட்டது. அவர்களுக்கு உண்மையில் முக்கியமாக இருந்த விஷயம் திரையில் தெரியவே தெரியாது. கை பட்டால்தான் தெரியும்.

பாதியை நீக்குவது அதன் பிறகு சுலபமாக நடந்தது. கேட்லாக் படங்களை அவர்களே கழற்றினார்கள். டம்ளரை மனைவி எடுக்க மறுத்தார். “டம்ளர் டம்ளராத்தான் இருக்கணும்” என்றார். அதுவும் சரிதான், அது பலகையிலேயே இருந்தது.

மாமியாரின் கேள்வி

சாயங்காலம் பக்கத்து அறையிலிருந்து மாமியார் வந்தார். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஆத்தங்குடிக் கல்லைக் கையில் எடுத்துத் தடவினார். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. இதுல நான் எங்கிட்டு உக்காருறது?” என்றார்.

பலகையில் சோபா துணி இருந்தது, அலமாரி இருந்தது, திரைச்சீலை இருந்தது. அவருக்குச் சோபாவில் உட்கார்ந்து பழக்கமில்லை. முழங்கால் வலியால் தரையிலும் அதிக நேரம் உட்கார முடிவதில்லை. பிறந்த ஊரில் திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவர். மருமகள் அவர் அருகில் வந்து, “அத்தை, உங்ககிட்ட கேக்காம விட்டுட்டோம். நீங்களும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க” என்றார். அவர் உள்ளே போய் ஒரு பத்தமடைப் பாயைச் சுருட்டியபடியே கொண்டுவந்தார். கோரைப்புல் பாய், ஓரத்தில் சாயம் மங்கிய கரை. அதுவும் சொரசொரப்பு.

குடும்பத்தின் ரசனையைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த வீட்டில் பகல் முழுவதும் இருக்கப்போகிறவரை நான் கேட்காமல் விட்டிருந்தேன். அது என் தவறு.

பலகையைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனது

அந்த வாரமே பலகையைப் புது வீட்டு ஹாலில் சாய்த்துவைத்து மூன்று வேளை பார்த்தோம்: காலை 8 மணி, மாலை 4 மணி, இரவு விளக்கில். என் அலுவலகத்தில் இருப்பது 6500 கெல்வின் வெண்ணிற எல்.இ.டி. அங்கே சுவர் பெயின்டும் அலமாரி லேமினேட்டும் ஒரே வெள்ளையாகப் பொருந்தியிருந்தன. புது வீட்டில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கைப் போட்டதும் பெயின்ட் இளஞ்சிவப்புப் பக்கம் போனது, லேமினேட் பச்சைப் பக்கம் போனது. இரண்டிலும் கலந்திருக்கும் நிறமிகள் வேறு வேறு. ஒரு விளக்கில் ஒத்துப்போவது இன்னொன்றில் பிரிந்துவிடும். சேலைக்குப் பிளவுஸ் துணி எடுக்கும்போது கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள் இல்லையா, அதே விஷயம்தான். மனைவிக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வெள்ளையாகப் பொருத்தும் எண்ணத்தை விட்டுவிட்டு, இரண்டும் வேறு வேறு நிறம் என்று தெளிவாகத் தெரியும்படி மாற்றினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒப்பந்தத்தில் எழுதியிருந்த பளபளப்பு அக்ரிலிக் அலமாரிகளைக் கைவிட்டு, மேட் லேமினேட்டுக்கு மாறினோம். ஹாலிலும் படுக்கையறையிலும் தேக்கு நிறம், சமையலறையின் கீழ் அலமாரிகளுக்குக் கறுப்பு கலந்த பழுப்பு. இந்தக் கறுப்புப் பழுப்பு கணவருடைய கடப்பாவிலிருந்து வந்தது. இதில் கொஞ்சம் பணமும் மிச்சமானது.

சமையல் மேடைக்குக் கடப்பாக்கல்லே போட வேண்டும் என்று அவர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துத் திட்டுத் திட்டாக வெளுக்கும், எண்ணெயையும் உறிஞ்சும். நம் சமையலில் இவை இல்லாத நாளே கிடையாது. அதனால் மேடைக்கு லெதர் ஃபினிஷ் (தோல் போலப் பளபளப்பு குறைந்த மேற்பரப்பு) செய்த கறுப்பு கிரானைட், சாமான் அறையின் தட்டுகளுக்குக் கடப்பா. தாத்தா வீட்டில் அது அடுப்படியில்தான் இருந்தது என்பதால் அவருக்குச் சற்று மனக்குறைதான்.

ஹால் முழுக்க ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அந்தக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஏறத்தாழ முக்கால் அங்குல கனம். இருக்கிற டைல்ஸுக்கு மேல் கலவை போட்டுப் பதித்தால் தரை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரும், எல்லாக் கதவுகளையும் அறுக்க வேண்டும். பழையதைப் பெயர்த்துவிட்டுப் பதிக்கப் பட்ஜெட் இல்லை. வாசலை ஒட்டிய 6 அடிக்கு 5 அடி இடத்தில் மட்டும் டைல்ஸைப் பெயர்த்தெடுத்து ஆத்தங்குடி பதித்தோம். ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லிவைத்தோம்.

மாமியாருக்கு ஜன்னலை ஒட்டி 6 அடி நீளத்தில் ஒரு மரத் திண்ணை. உயரத்தை முடிவு செய்ய மரப்பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அவரையே உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். 15 அங்குலத்தில் எழ முடியவில்லை. 18-ல் கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. 17 பொருந்தியது. மேலே பத்தமடைப் பாய்.

திரைச்சீலைக்குச் சுங்குடி அரக்கு. பலகையில் எல்லோருக்கும் முதலில் பிடித்துப்போனது அந்த நிறம்தான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை, நானும்தான்.

குடியேறிய பிறகு

ஜூன் மாதம் குடிபோனார்கள். இரண்டு வாரம் கழித்து மனைவி ஃபோன் செய்தார். “மேடம், ஹால் சாயங்காலமானா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க.” போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. மேற்கு வெயில் அரக்குத் திரை வழியே இறங்கி ஹால் முழுவதையும், வெள்ளைத் தரையையும் சேர்த்து, சிவப்பாக்கியிருந்தது. மகள் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டிருந்தாள்.

பலகையில் அந்தத் துணி ஒரு சாண். ஜன்னலில் அது 7 அடிக்கு 8 அடி, அதுவும் பின்னால் சூரியனோடு. பலகையில் எல்லாப் பொருளையும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் எது எவ்வளவு பரப்பை எடுத்துக்கொள்ளும் என்று பலகை காட்டவில்லை. துணியை வெளிச்சத்துக்கு முன்னால் தொங்கவிட்டும் பார்க்கவில்லை. மூன்று வேளை பார்த்தோம் என்று மேலே எழுதினேன், அந்த மூன்று வேளையிலும் துணி பலகையில் குத்தப்பட்டுத்தான் இருந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்து ஜன்னலில் பிடித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

திரைகளை இறக்கிவிட்டு காடா துணியில் புதிதாகத் தைத்தோம். அரக்கு கீழ்க்கரையாக நான்கு அங்குலம் மட்டும். மீதித் துணி திண்டு உறைகளானது. தையல் மனைவியே செய்ததால் செலவு துணிக்கு மட்டும்தான், அதை நான் ஏற்றுக்கொண்டேன். இப்போது மாலையில் ஹாலுக்குள் வரும் வெளிச்சம் மோர் நிறத்தில் இருக்கிறது. திண்டுகளில் அந்த அரக்கு பலகையில் பார்த்த அதே துடிப்போடு தெரிகிறது.

சமையலறையின் கறுப்புப் பழுப்பு மேட் அலமாரியும் தொல்லை கொடுத்தது. அடுப்புக்குக் கீழே இருக்கும் இரண்டு கதவுகளில் எண்ணெய்க் கை பட்ட தடம் ஒவ்வொன்றும் தெரிகிறது. மேட்டும் அடர்நிறமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். தேய்ந்த பொருள்கள் பிடிக்கும் என்று பலகை சரியாகவே காட்டியது. ஆனால் கடப்பாவும் தோலும் தேயத் தேய அழகாகும், லேமினேட் தேய்வதில்லை, அழுக்குத்தான் ஆகும். இந்த வித்தியாசத்தை நான் முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நன்றாக அமைந்தவை என்றால் முதலில் திண்ணையைச் சொல்ல வேண்டும். மாமியாருக்காகச் செய்தது, இப்போது வீட்டில் எல்லோரும் அங்கேதான். மனைவி கொக்கி கட்டுவதும் கை தைப்பதும் அதில் உட்கார்ந்துதான், ஜன்னல் வெளிச்சம் நேராக மடியில் விழுகிறது. ஆத்தங்குடித் தரை நடக்க நடக்க மெருகேறிக்கொண்டிருக்கிறது. மாமியார் வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கச் சொல்கிறாராம், ஊரில் அப்படித்தான் செய்வார்களாம்.

இப்போது மாற்றிச் செய்வது

வீட்டில் எத்தனை பேரோ அத்தனை மஞ்சப்பை. சிறு குழந்தைக்கும் ஒன்று. வீட்டில் அதிக நேரம் இருப்பவருடைய பையை முதலில் பிரிக்கிறேன்.

பலகையில் பொருள்களை வைத்துப் பாதியை நீக்கியதும், இரண்டாவது பலகை ஒன்றைச் செய்யச் சொல்கிறேன். அதில் எந்தப் பொருள் வீட்டில் எவ்வளவு பரப்பை எடுக்குமோ அதே விகிதத்தில் துண்டுகள் இருக்க வேண்டும். சுவர் முக்கால் பலகை என்றால் சுவர் நிறமும் முக்கால் பலகை. இது பார்க்க அழகாக இருக்காது. பெரும்பாலும் வெள்ளையாகவும் சலிப்பூட்டுவதாகவும் இருக்கும், வீட்டுக்காரர்கள் சற்று ஏமாந்துதான் போவார்கள். ஆனாலும் அதைத் தவிர்ப்பதில்லை. முதல் பலகை அவர்கள் யார் என்று சொல்கிறது, இரண்டாவது பலகையை வைத்துத்தான் துணியும் பெயின்டும் வாங்குகிறோம்.

திரைத்துணி என்றால் இரண்டு மீட்டர் வாங்கி, அந்த ஜன்னலிலேயே ஒரு முழு நாள் தொங்கவிட்டுப் பார்க்கிறோம்.

நிறத்தை வைத்து அடுக்குவதற்கு முன்னால், கண்ணை மூடித் தடவி அடுக்கச் சொல்கிறேன். இது அந்தப் பெண் குழந்தையிடம் கற்றது. எல்லா வீட்டிலும் இதனால் இப்படித் தெளிவான விடை வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு செய்த ஒரு வீட்டில் இரண்டு குவியலும் கலந்தே கிடந்தன, அவர்களுக்கு முக்கியமாக இருந்தது வெளிச்சம். இன்னொரு வீட்டில் நிறம்தான், சந்தேகமே இல்லாமல்.

கைபடும் இடங்களுக்கு ஒவ்வொரு மாதிரித் துண்டிலும் நல்லெண்ணெய், மஞ்சள்தூள், புளிக்கரைசல் மூன்றையும் தடவி, இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் துடைத்துப் பார்க்கிறேன்.

இந்தக் குடும்பத்தைக் கடைசியாக 2024 ஆகஸ்டில் பார்த்தேன். அந்தப் பலகை சாமான் அறைக் கதவின் உட்பக்கத்தில் மாட்டியிருக்கிறது. சுங்குடித் துண்டை மட்டும் மனைவி திரும்ப எடுத்துத் தன் தையல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அடுப்புக்குக் கீழே இருக்கும் இரண்டு கதவுகளை மட்டும் மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். இந்தத் தடவை தேக்குப் பலகையிலேயே செய்து எண்ணெய் பூசிவிடலாமா என்று கணவர் கேட்டார். அவருடைய அப்பாவின் அடிக்கோலைக் கேட்டு வாங்கி, அதன் மேல் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி மேடையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.